காலிஃபிளவர் பூ ஏன் கெடுகிறது? அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

காலிஃபிளவரில் இன்று கண்ணில் படும் கோளாறு பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். பூ பொத்தான் அளவில் நின்றுவிட்டால் நாற்றின் வயதை விசாரிக்க வேண்டும். பூவுக்குள் இலை எட்டிப் பார்த்தால் விதைத்த தேதியை விசாரிக்க வேண்டும். தக்காளி, கத்தரியில் முதல் பறிப்பு கெட்டாலும் அடுத்த பறிப்பு உண்டு. இதில் ஒரு செடிக்கு ஒரே பூ. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும், இந்தச் செடியை இனிக் காப்பாற்ற முடியுமா, அடுத்த விதைப்பில்தான் திருத்த முடியுமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகைக் கோளாறுக்கு மருந்து வாங்கி அடிப்பவர்கள்தான் அதிகம். மருந்துக் கடைக்காரருக்கு மட்டுமே அதில் லாபம்.

கையில் மூன்று தகவல்கள் இருக்கட்டும்: விதைப் பாக்கெட்டில் எழுதியிருந்த ரகத்தின் பெயர், விதைத்த தேதி, நாற்று நட்ட தேதி. இவை இல்லாமல் காரணம் தேடுவது வீண் வேலை. கீழே உள்ளவை தமிழ்நாட்டுச் சமவெளியின் வீட்டுத்தோட்டத்துக்கும் மாடித்தோட்டத்துக்கும் உரியவை. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் மட்டும் வரும் சிக்கல்களை அங்கங்கே தனியாகக் குறித்திருக்கிறேன்.

இலை தழைத்து நிற்கிறது, பூ மட்டும் வரவில்லை

முதலில் நாள் கணக்கைச் சரிபாருங்கள். பாக்கெட்டில் 60 நாள் என்று போட்டிருந்தால், வழக்கமாக அது நாற்றை நட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. நாற்றங்காலில் கழிந்த 25, 30 நாட்கள் அதில் சேராது. விதைத்த நாளிலிருந்து எண்ணிவிட்டுப் பூ வரவில்லையே என்று கவலைப்படுபவர்கள் இன்னும் ஒரு மாதம் பொறுத்தாலே போதும். சந்தேகமிருந்தால் குருத்தைச் சுற்றியுள்ள இலைகளை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். பூ தொடங்கும் செடியில் உள்ளிலைகள் லேசாக முறுக்கிக்கொண்டு உள்நோக்கி வளைந்திருக்கும். அடியில் சுண்டைக்காய் அளவுக்கு வெண்மை தெரியும்.

நாளும் கடந்துவிட்டது, வெண்மையும் இல்லை என்றால் ரகத்தைப் பாருங்கள். காலிஃபிளவரில் எந்த ரகத்தை நடுகிறோம் என்பது மற்ற காய்களைவிடப் பல மடங்கு முக்கியம். இலை வளரும் பருவத்திலிருந்து பூப்பிடிக்கும் பருவத்துக்குச் செடியை நகர்த்துவது வெப்பநிலைதான். ஸ்னோபால் என்னும் குளிர்கால வகைகளுக்கு அந்தக் கட்டத்தில் 10 முதல் 16 டிகிரி குளிர் வேண்டும். சென்னையில் தை மாதத்தில்கூட பகல் வெப்பம் 29 டிகிரியை ஒட்டியும் இரவு 20 டிகிரியை ஒட்டியுமே இருக்கிறது. கோவையில் இரவு இன்னும் சற்றுக் குளிரும், அவ்வளவுதான். இந்தக் கதகதப்பில் ஸ்னோபால் செடி இலைமேல் இலையாக விட்டுக்கொண்டே போகும். உரம் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாது.

நமக்கு ஏற்ற ரகங்கள் இருக்கின்றன. இந்தியாவுக்கு இந்தப் பயிர் 1822இல் இங்கிலாந்திலிருந்து சஹாரன்பூர் தோட்டத்துக்கு வந்தது. குளிர்நாட்டு விதையிலிருந்து, வட இந்தியச் சமவெளியின் வெயிலைத் தாங்கிப் பூத்த செடிகளையே விதைக்கு விட்டு விட்டு, காலப்போக்கில் வெப்பத்துக்குப் பழகிய இந்தியக் குழு ஒன்று உருவாகிவிட்டது. இவற்றில் முன்பருவ வகைகள் 20 முதல் 27 டிகிரியிலேயே பூப்பிடிக்கும். பூசா மேக்னா, பூசா கார்த்திக் சங்கர் போன்றவை இந்த வகை. தனியார் நிறுவனங்களின் வீரிய ஒட்டு ரகங்களிலும் வெப்பம் தாங்குபவை உண்டு. கடையில் கேட்கும்போது "நல்ல காலிஃபிளவர் விதை" என்று கேட்காமல் "முன்பருவ ரகம், வெயில் தாங்குவது" என்று கேளுங்கள். ஊட்டி 1 என்ற ரகத்தின் பெயரைப் பார்த்து ஆசைப்பட்டுச் சமவெளியில் போட வேண்டாம். அது மலைக்கு உரியது.

ரகம் சரியாக இருந்தும் பூ தாமதமானால் விதைத்த தேதியில் பிசகு. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி இந்தப் பயிருக்குச் செல்லாது. ஆடியில் விதைத்த செடி பூப்பிடிக்க வேண்டிய நேரத்தில் புரட்டாசி வெயில் காயும். செடி பூ தொடங்குவது மார்கழியிலும் தையிலும் வரும்படி பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் புரட்டாசியில் விதைத்து ஐப்பசியில் நடலாம். சென்னையிலும் கடலோர ஊர்களிலும் ஐப்பசி மழை நாற்றை அடித்துப்போடும். அங்கே ஐப்பசியில் விதைத்து, நாற்றை மழைபடாத தாழ்வாரத்தில் வளர்த்து, கார்த்திகையில் நடுவதே என் கட்சி. தை பிறந்த பிறகு விதைப்பதை விட்டுவிடுங்கள். நர்சரியில் அப்போதும் நாற்று விற்பார்கள். விற்கட்டும்.

மூன்றாவது காரணம் தழைச்சத்து (நைட்ரஜன்) அளவு மீறுவது. பஞ்சகவ்யம், மீன் அமிலம், கடலைப் பிண்ணாக்குக் கரைசல் மூன்றையும் மாற்றி மாற்றி ஊற்றினால் இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், பூ பின்தங்கும். நான்காவது நிழல். ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் விழாத இடத்தில் இலை மட்டும் அகலமாக விரியும். தென்னை மரத்தடியில் தொட்டியை வைத்துவிட்டு உரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

சமவெளியில் ஸ்னோபால் நட்டுவிட்டவர்கள் இந்தப் பருவத்துக்கு ஆறுதலாக இளம் இலைகளைப் பறித்துப் பொரியல் செய்யலாம். முள்ளங்கிக் கீரையைப் போலவே தேங்காய் போட்டு வதக்கினால் நன்றாக இருக்கும்.

பொத்தான் போல் சின்னப் பூ வந்து நின்றுவிட்டது

இலைகள் சிறுத்து, பூவை மூடக்கூட முடியாமல், நடுவில் எலுமிச்சை அளவில் பூ திறந்து கிடந்தால் இந்தக் கோளாறுதான். செடி போதுமான இலைகளை விடுவதற்குள் அதன் வளர்ச்சி எங்கோ தடைப்பட்டது. தடைப்பட்ட செடி அவசரமாகப் பூவுக்குப் போய்விட்டது. இந்தப் பூ இனிப் பெருக்காது. வெட்டிச் சமைத்துவிட்டு இடத்தைக் காலி செய்யுங்கள்.

தடை எங்கே வந்தது என்று தேட வேரைப் பாருங்கள். பிடுங்கிய செடியின் வேர், நாற்று வளர்ந்த பழைய குழித்தட்டின் வடிவத்திலேயே சுருண்டு கட்டியாக இருந்தால், நட்ட நாற்று முற்றியது. நாற்றை 25 முதல் 30 நாளில், நான்கைந்து இலை விட்டவுடன் நட வேண்டும். நாற்பது நாளைத் தாண்டியதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நர்சரியில் உயரமான நாற்றைத் தேடி எடுப்பது பலருக்கும் வழக்கம். இந்தப் பயிரில் அதுதான் கழிக்க வேண்டிய நாற்று. தண்டு ஊதா பாய்ந்து கட்டையாக இருப்பது, அடியிலை மஞ்சளாகி உதிர்ந்திருப்பது, தட்டின் அடித்துளை வழியே வேர் வெளியே தொங்குவது ஆகியவை முற்றிய நாற்றின் அடையாளங்கள். குட்டையாக, மென்பச்சைத் தண்டோடு இருப்பதை எடுங்கள்.

வேர் நன்றாகப் பரவியிருந்தும் பூ சிறுத்தால் பசியோ தாகமோ காரணம். மாடித்தோட்டத்தில் இது சகஜம். எடை குறைய வேண்டும் என்று தென்னை நார்க்கழிவை முக்கால் பங்கு போட்டுக் கலவை தயாரிக்கிறார்கள். நன்றாக மட்காத நார்க்கழிவு, மட்குவதற்காகவே கலவையிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. மேல்பரப்பு சீக்கிரம் வறண்டுவிடுவதால் உள்ளே ஈரமா, காய்ச்சலா என்பதும் தெரியாமல் போகும். செம்மண், மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், நன்கு அலசி மட்கவைத்த நார்க்கழிவு மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் கலந்து, ஒரு செடிக்குக் குறைந்தது 15 லிட்டர் கொள்ளும் பையில் நடுங்கள். தரையில் என்றால் செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி. ஒரே பையில் இரண்டு நட்டால் இரண்டு பொத்தான்கள் கிடைக்கும்.

உரத்தை நட்ட பத்தாம் நாளிலிருந்து, பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டு கைப்பிடி மண்புழு உரமாகவோ ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கின் நீர்த்த கரைசலாகவோ கொடுங்கள். பூ தொடங்கியதும் நிறுத்திவிடலாம். அதற்குப் பிறகு அள்ளிப்போடும் தழைச்சத்து தண்டை வீங்க வைக்குமே தவிர, சின்னப் பூவைப் பெரிதாக்காது. தண்ணீரில் ஒழுங்கு வேண்டும்: ஒருநாள் குளம், மறுநாள் பாலை என்று இருக்கக் கூடாது. கான்கிரீட் தளத்தின் சூடு பையின் அடிவழியே வேருக்கு ஏறும் என்பதால், பைகளைச் செங்கல் மீதோ இரும்புத் தாங்கி மீதோ ஏற்றி வையுங்கள்.

குருத்தே இல்லை

ஐந்தாறு இலை விட்டு நன்றாக வந்த செடி திடீரென்று நிற்கிறது. இலைகள் தடித்துக் கருமையாகின்றன. நடுவில் குருத்து இருக்க வேண்டிய இடம் குழியாக, காய்ந்த வடுவோடு இருக்கிறது. சமவெளியில் இதற்கு முதல் சந்தேகப் பேர்வழி குருத்தில் கூடுகட்டித் தின்னும் சிறு புழு. உடலில் பழுப்பு நிறக் கோடுகள் ஓடும். குருத்திலைகளை நூலால் பின்னி, அதற்குள் எச்சத்தோடு ஒளிந்திருக்கும். நட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களில்தான் இது பெரும் சேதம் செய்யும். அந்த நாட்களில் காலையில் ஒருமுறை ஒவ்வொரு குருத்தையும் குனிந்து பார்ப்பதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை. நூல் தெரிந்தால் விரித்து, புழுவை நசுக்கிவிடுங்கள்.

புழு இல்லாமலும் குருத்து போகலாம்: நத்தை கடித்திருக்கும், அல்லது நடும்போது கைபட்டு ஒடிந்திருக்கும். குருத்து போன செடி பக்கத்தில் கிளை விட்டு நம்பிக்கை காட்டும். அந்தக் கிளைகளில் உருப்படியான பூ வராது. பிடுங்கிவிட்டு, கைவசம் இளம் நாற்று இருந்தால் அதே இடத்தில் நட்டுவிடுங்கள். இதற்காகவே எப்போதும் ஐந்தாறு நாற்றுகளை உபரியாக வளர்ப்பது நல்லது.

பூவில் அரிசி தூவியது போல் இருக்கிறது, பச்சை இலை முளைக்கிறது

வெள்ளைப் பரப்பு கெட்டியாக இல்லாமல் பொலபொலவென்று மணிமணியாக உதிர்வது போலிருக்கும். சிலவற்றில் பரப்பு பூனைமயிர் படர்ந்தது போல் பஞ்சாகத் தெரியும். நாம் பூ என்று சொல்வது உண்மையில் மலராமல் நின்றுபோன மஞ்சரியின் (பூங்கொத்தின்) நுனிகள்; அந்த நுனிகள் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து மொட்டாகத் தொடங்கியதால் வருவது இது. ரகத்துக்கு ஒவ்வாத வெப்பநிலை, பூப்பிடித்த பின் வெப்பம் ஏறி இறங்குவது, அறுவடையைத் தள்ளிப்போடுவது ஆகிய மூன்றும் காரணங்கள். கடைசிக் காரணம் மட்டும் நம் கையில் இருக்கிறது. பூ இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டால் சமவெளிச் சூட்டில் இரண்டு மூன்று நாளிலேயே ஓரங்கள் விரிந்து நெகிழ்ந்துவிடும். கடையில் பார்க்கும் அளவை மறந்துவிடுங்கள். விளிம்பு நெகிழத் தொடங்கினால் அளவு எதுவாக இருந்தாலும் அன்றே வெட்டுங்கள்.

பூவின் நடுவே சின்னச் சின்னப் பச்சை இலைகள் எட்டிப் பார்த்தால் அது வெப்பத்தின் வேலை. பூ தொடங்கியபின் சூடு கூடியதால் செடி மறுபடி இலைக்குத் திரும்பப் பார்க்கிறது. மாசியில் பூக்கும்படி விதைத்தவர்களுக்கு இது தப்பாது. நண்பகலில் 35 விழுக்காடு நிழல்வலை பிடித்தால் சற்றுத் தணியும், முற்றிலும் நிற்காது. இந்த இரண்டு வகைப் பூக்களும் சாப்பிடத் தகுந்தவைதான். குருமாவிலோ பக்கோடாவிலோ போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பூ மஞ்சளாகிறது, ஊதா பாய்கிறது

மஞ்சள் வெயிலால் வருவது. பூ எலுமிச்சையைத் தாண்டி 5 முதல் 7 செ.மீ. ஆனவுடன் வெளியிலைகளை மேலே கூட்டி வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். அல்லது உள்ளிலை ஒன்றின் நரம்பை ஒடித்துப் பூவின் மேல் கவிழ்த்துவிடுங்கள். எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும்: தினமும் தூக்கிப் பார்க்கலாம். கட்டிய செடியை நான்கைந்து நாளில் பிரித்துப் பார்க்காமல் விடாதீர்கள். மழைநாளில் இறுக்கிக் கட்டினால் உள்ளே நீர் தங்கிப் பூ அழுகும். ஊதா, இளஞ்சிவப்புச் சாயல் குளிர் இரவும் நேர்வெயிலும் சேர்ந்தால் வரும். ஓசூரிலும் மலையிலும் பார்க்கலாம். ருசியில் குறையில்லை. விதையே மஞ்சள் ரகமாக இருந்தால் அது வேறு கதை: பூசா பீட்டா கேசரி என்ற ரகம் பீட்டா கரோட்டீனுக்காகவே ஆரஞ்சு நிறத்தில் உருவாக்கப்பட்டது.

பூவில் பழுப்புத் திட்டு, தண்டில் ஓட்டை

இங்கே அவசரப்படாமல் ஒரு பூவை வெட்டி, தண்டைக் குறுக்கே அரிந்து பார்க்க வேண்டும். மூன்று விதமான காட்சிகள் கிடைக்கும்.

தண்டின் நடுவில் ஓட்டை இருக்கிறது, ஆனால் சுற்றுச்சுவர் சுத்தமான வெள்ளையாக இருக்கிறது என்றால், தழைச்சத்து மிகுந்து செடி வேகமாகப் பருத்திருக்கிறது. பூ நன்றாகவே இருக்கும். உரத்தைக் குறையுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

ஓட்டையின் சுவர் நீர்கோத்தது போல் பழுப்பாக இருக்கிறது, பூவின் மேலும் துருநிறத் திட்டுகள், வாயில் வைத்தால் கசப்பு, இலைகள் மொறமொறவென்று ஒடிகின்றன என்றால் போரான் சத்துக் குறைவு. காலிஃபிளவருக்குப் போரான் பசி அதிகம். நார்க்கழிவுக் கலவையில் அது குறைவாக இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரால் மண் காரமாகும்போது இருக்கும் போரானும் வேருக்கு எட்டாது. இடைவெளி விட்டுத் தண்ணீர் பாய்ச்சினாலும் இதே குறை தெரியும். பழுப்பான பூ பழையபடி வெள்ளையாகாது. அதே வரிசையில் இன்னும் பூ தொடங்காத செடிகளுக்கு, போராக்ஸ் என்னும் வெங்காரத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து இலைமேல் ஒருமுறை தெளித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை தெளியுங்கள். தரைப் பாத்திக்கு என்றால் நடுமுன் ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம், மிஞ்சினால் 2 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள். போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இந்தச் சத்தில் இடைவெளி மிகக் குறுகியது. கரண்டிக் கணக்கில் போட்டால் இலை ஓரம் கருகும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் வெங்காரம் கிடைக்கும், ஆனால் படிகாரத்தை வாங்கி வந்துவிடாதீர்கள். அதுவும் வெள்ளைக் கட்டிதான், போரான் துளியும் கிடையாது. கேரம் பலகைக்குப் போடும் பொடியும் வேண்டாம்.

மூன்றாவது காட்சி: திட்டு கொழகொழவென்று இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது. இது பாக்டீரியா மென்னழுகல். பூவில் தண்ணீர் நின்றதாலோ, புழு கடித்த காயத்தாலோ தொற்றியிருக்கும். ஆரம்பமாக இருந்தால் கெட்ட பகுதியை ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியை அன்றே சமைத்துவிடலாம். தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள்.

இலை நடுநரம்பு மட்டும் மிஞ்சிச் சாட்டையாகிறது

புழு தின்றது போல் தெரியும். ஆனால் கடித்த விளிம்பு இருக்காது. புதிதாக வரும் இலையே பரப்பில்லாமல், நரம்பும் ஓரத்தில் கொஞ்சம் சுருங்கிய பச்சையுமாக வருகிறது. மாலிப்டினம் குறைவு. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே போன அமில மண்ணில் வருவதால் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது. நடுமுன் சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பை எடுத்தாலே சரியாகும். நின்ற பயிரில் சோடியம் மாலிப்டேட் லிட்டருக்கு அரை கிராம் கரைத்துத் தெளிக்கலாம். சென்னையிலோ மதுரையிலோ இலை இப்படி இருந்தால் பெரும்பாலும் புழுதான், திருப்பிப் பாருங்கள்.

இலையில் ஓட்டை

ஓட்டையின் வடிவமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். இலையின் ஒரு பக்கத் தோல் மட்டும் கண்ணாடித் தாள் போல் மிஞ்சி, சின்னச் சின்ன சன்னல்களாகத் தெரிந்தால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. மெலிந்த பச்சைப் புழு. தொட்டால் துள்ளி நெளிந்து, நூல் விட்டுத் தொங்கும். பெரிய ஒழுங்கற்ற ஓட்டைகள், இலைமேல் கரும்பச்சை எச்சம், பகலில் ஆளைக் காணோம் என்றால் புகையிலை வெட்டுப்புழு. டார்ச் எடுத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்குப் போனால் கையோடு பிடிக்கலாம். இதன் முட்டைகள் இலையடியில் பழுப்பு மயிர் போர்த்திய குவியலாக இருக்கும்; அந்த ஓர் இலையைக் கிள்ளி எறிவது நூற்றுக்கணக்கான புழுக்களைக் கொல்வதற்குச் சமம். வழவழப்பான வெள்ளித் தடம் காய்ந்திருந்தால் நத்தை.

வைரமுதுகுப் பூச்சி சாமானியமானதல்ல. டிடிடி பூச்சிக்கொல்லியையே தாங்கி நிற்கிறது என்று 1953இலேயே ஜாவாவிலிருந்து பதிவு இருக்கிறது. பி.டி. எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர் மருந்துக்கே வயலில் பழகிவிட்டது என்று 1990இல் ஹவாயிலிருந்து செய்தி வந்தது. எனவே ஒரே மருந்தை வாராவாரம் அடித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. வீட்டுத்தோட்டத்தில் பத்து இருபது செடிகள்தானே. கையால் பொறுக்குவதே முதல் மருந்து. அடுத்தது வேப்பங்கொட்டைக் கரைசல்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பது. மூன்றாவதாக பி.டி.; உறையில் சொன்ன அளவில், மாலையில். வெயிலில் அதன் வீரியம் கெடும், மழையில் கழுவிப்போகும், புழு தின்றால்தான் வேலை செய்யும், பெரிய புழுக்களிடம் அவ்வளவாகச் செல்லாது. இவற்றைத் தெரிந்துகொண்டு அடித்தால் நல்ல மருந்து.

எதைத் தெளித்தாலும் காதி சோப்புக் கரைசல் சில சொட்டுகள் சேருங்கள். காலிஃபிளவர் இலையில் மெழுகுப் படலம் இருப்பதால், சோப்பில்லாத கரைசல் முத்துமுத்தாக உருண்டு மண்ணில் விழுந்துவிடும். பூ தெரிந்த பிறகு வேப்பெண்ணெய் வேண்டாம். கசப்பும் வாடையும் பூவில் தங்கும். நடுவதற்குப் பத்து நாள் முன்பே சுற்றிக் கடுகை விதைத்தால் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். ஆனால் கடுகையும் கவனிக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்ட பொறிப்பயிர் பூச்சிக்கு நாற்றங்கால் ஆகிவிடும். இவ்வளவு மெனக்கெட விருப்பமில்லாதவர்கள் நட்ட அன்றே பூச்சிவலையை வளைவுக் கம்பிமேல் போர்த்திவிடலாம். காலிஃபிளவர் பூக்க மகரந்தச் சேர்க்கை தேவையில்லை என்பதால் வலையை அறுவடை வரை எடுக்கவே வேண்டாம்.

குருத்தில் சாம்பல் பூசியது போல் அசுவினி அப்பியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவி, மறுநாள் சோப்புக் கரைசல் தெளியுங்கள். எறும்பு வரிசை தெரிந்தால் முதலில் அதைத் துண்டியுங்கள். அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும்.

இலை ஓரத்தில் மஞ்சள் முக்கோணம், செடி பகலில் வாடுகிறது

இலையின் விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கிக் கூம்பாக மஞ்சள் இறங்கி, அதற்குள் நரம்புகள் கறுத்திருந்தால் கருப்பழுகல் நோய். பாக்டீரியா. விதையிலும் மழைத்துளியிலும் பரவும், குணப்படுத்த மருந்தில்லை. ஓரிரண்டு இலைதான் என்றால் அவற்றைக் காய்ந்த நாளில் நறுக்கி எறியுங்கள். செடி முழுதும் ஏறியிருந்தால் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், மட்கு உரக் குழியில் போடாதீர்கள். அதே மண்ணில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முட்டைக்கோஸ், நூக்கல், முள்ளங்கி, கடுகு எதுவும் வேண்டாம்; எல்லாம் ஒரே குடும்பம். அடியிலை மட்டும் ஒரே சீராக மஞ்சளானால் பயப்பட வேண்டாம், அது முதுமையோ தழைச்சத்துக் குறைவோதான்.

பகலில் வாடி இரவில் தெளிவது தண்ணீர்க் குறையால் இருக்கலாம். ஈரம் இருந்தும் வாடினால் வேரைப் பாருங்கள். பையின் வடிகால் துளை அடைபட்டு வேர் பழுப்பாகிக் கிடப்பது மழைக்கால மாடித்தோட்டங்களில் சாதாரணம். மலையில், வேர் விரல்விரலாக வீங்கி முண்டு முண்டாக இருந்தால் வேர்முண்டு நோய். அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். சுண்ணாம்பு இட்டு மண்ணின் பி.எச். அளவை 7க்கு மேல் உயர்த்துவதும், அந்தப் பாத்தியை வேறு குடும்பப் பயிர்களுக்கு நீண்டகாலம் விடுவதுமே வழி. மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகாதீர்கள்.

நாற்று சாய்கிறது

மண்ணோரத்தில் தண்டு நூலாகச் சுருங்கிச் சாய்வது நாற்றழுகல். சாய்ந்தது எழாது. மிச்சத்தைக் காப்பாற்றத் தண்ணீரைக் குறைத்து, காற்று ஓடும் இடத்துக்கு மாற்றி, சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசலை மண்ணில் ஊற்றுங்கள். அடுத்த முறை விதையை ட்ரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில் புரட்டி, நெருக்கமில்லாமல் விதையுங்கள். அழுகாமல் நெட்டையாக வளர்ந்து சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை.

வெட்டிய பூவுக்குள் புழு

எல்லாம் சரியாக வந்து, சமையலறைக்குப் போன பிறகும் ஒரு புழு இருக்கத்தான் செய்யும். பூவைச் சிறு கிளைகளாகப் பிரித்து, உப்பும் மஞ்சள்தூளும் போட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் மூழ்க வையுங்கள். மிதந்து வெளியே வரும். வரிசையாக எல்லாப் பூக்களிலும் புழு வந்தால் அது அறுவடைக்கு முந்தைய வாரத்தில் வெளியிலைகளுக்குள் நுழைந்தது. அடுத்த பூவின் மேல் கவிழ்த்த இலையைத் தினமும் தூக்கிப் பார்த்து, உள்ளே எச்சம் தெரிந்தால் பூ சற்றுச் சிறியதாக இருந்தாலும் அன்றைக்கே வெட்டிவிடுங்கள். வெட்டியபின் கட்டையை மண்ணில் விட்டுவைக்க வேண்டாம். அதில் துளிர்க்கும் இலைகளில்தான் அந்துப்பூச்சியும் அசுவினியும் அடுத்த செடிக்காகக் காத்திருக்கும்.